முடக்குவாதம்: தோட்டத்து வீட்டுக்கும் நிபுணர் கிளினிக்குக்கும் இடையே எங்கே தடை?

பால்மரத் தோட்டத்தில் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் நிரைக்குள் இறங்க வேண்டும். கத்தியைப் பிடிக்க விரல் மடங்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும்.

முடக்குவாதம் உள்ளவருக்கு உடம்பு மிகவும் இறுகிப்போய் இருப்பதும் அதே நேரத்தில்தான். தூங்கி எழுந்த பிறகு ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், விரல்கள் மடங்காது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் சரியாகிவிடும். கிளினிக்குப் போகும் நேரத்தில் வீக்கமும் குறைந்திருக்கும். "வயசாயிடுச்சு, இத்தனை வருஷம் மரம் வெட்டின கை, வலிக்காம என்ன செய்யும்?" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். நோய் கண்டுபிடிக்கப்படாமல் மாதங்கள் ஓடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் தாமான்களிலும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு எந்தச் சேவை கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது, அதற்கு என்ன வழி என்று இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சுருக்கமாக

• முடக்குவாதம் முதுமையால் வரும் தேய்மானம் அல்ல. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது.
• அறிகுறி தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டுச் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம்.
• குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. தூரம், சம்பள இழப்பு, மொழி, தாமதமான பரிந்துரை ஆகியவையே பெரிய தடைகள்.
• நிபுணர் எழுதித் தரும் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிலேயே வாங்க வழி உண்டு.

முடக்குவாதம் என்றால் என்ன?

வலி எதுவாக இருந்தாலும் "வாதம்", "வாயு" என்று ஒரே பெயரில் சொல்வது நம்மிடம் வழக்கம். மருத்துவர்கள் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

வயதாக ஆக முழங்காலிலும் இடுப்பிலும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது மூட்டுத் தேய்மானம். அது நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. மூட்டின் உட்புறச் சவ்வை நோய் எதிர்ப்புச் சக்தி அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்தில் உள்ள எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கிறது. ஓய்வெடுத்தால் இறுக்கம் கூடும், அசைக்க அசைக்கக் குறையும்.

பொதுவாகக் கை விரல் முட்டிகள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடிப்பகுதி ஆகியவற்றில்தான் நோய் தொடங்கும். இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே இடங்களில் வரும். அதோடு சோர்வு, லேசான காய்ச்சல், எடை குறைவு, இரத்தச் சோகை ஆகியவையும் சேரலாம். இது மூட்டோடு நிற்கும் நோய் இல்லை. நுரையீரல், கண், இரத்தக் குழாய்கள் வரை பாதிக்கும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் மற்றவர்களைவிட அதிகம்.

உலக மக்கள்தொகையில் அரை முதல் ஒரு விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 30 வயதிலும் வரலாம் என்பதால், "வயசான நோய்" என்ற எண்ணமே தாமதத்துக்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

மலேசிய இந்தியர்கள் ஏன் கவனிக்க வேண்டும்?

சுகாதார அமைச்சின் வாதநோய் மையங்களில் சிகிச்சை பெறும் முடக்குவாத நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகம் என்பதை மலேசிய ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகின்றன. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. நெகிரி செம்பிலானில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் இந்தியர். ஆகவே இந்த மாநிலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. மரபணுக்கு ஒரு பங்கு உண்டு. சுற்றுச்சூழலுக்கும் பங்கு உண்டு. மலேசியாவில் நடத்தப்பட்ட 'மைஎய்ரா' என்ற ஆய்வு, புகைபிடிப்பதையும் வேலையிடத்தில் துணித்தூசியைச் சுவாசிப்பதையும் இந்நோயின் அபாயத்தோடு தொடர்புபடுத்தியது. பால் வெட்டுவதாலோ செம்பனைப் பழம் பொறுக்குவதாலோ முடக்குவாதம் வருவதில்லை. ஆனால் வந்த பிறகு, அந்த வேலையைச் செய்வது மிகக் கடினமாகிவிடும்.

தோட்ட ஆஸ்பத்திரி போன பிறகு

காலனி காலத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகங்கள் மருத்துவ வசதி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் கேட்டால் தோட்ட ஆஸ்பத்திரியையும், வீடு வீடாக வந்து பார்த்த 'டிரஸரையும்' இன்றும் நினைவுகூர்வார்கள். பிரசவம், மலேரியா, வெட்டுக்காயம் போன்றவற்றுக்காக உருவான அமைப்பு அது. ஆயுள் முழுக்க மருந்தும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும் ஒரு நோய்க்காக அது அமைக்கப்படவில்லை.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதி மற்றும் வசதிகள் தரநிலைச் சட்டமும், அதாவது சட்டம் 446, மருத்துவ வசதி தரும் பொறுப்பை முதலாளிகள் மீது வைக்கிறது. ஆனால் இதற்கிடையில் தோட்டமே மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாகின. பிள்ளைகள் சிரம்பான், செனாவாங், நீலாய் என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். லயத்திலும் தோட்டத்தைச் சுற்றியுள்ள சிறு ஊர்களிலும் மிஞ்சியிருப்பவர்களில் பலர் வயதானவர்கள். கார் ஓட்ட ஆள் இல்லாத வீடுகளும் உண்டு.

தடை ஒன்று: நோயை அடையாளம் காண்பது

முதலில் கோடாலித் தைலம், பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை, பிறகு "ஊசி போட்டா உடனே சரியாகும்" என்று தனியார் கிளினிக், நடுவில் யாரோ சொன்ன நாட்டு மருந்து. பலர் நிபுணரிடம் வந்து சேரும் பாதை இதுதான். ஒவ்வொரு படியிலும் வலி கொஞ்சம் குறையும். உள்ளே எலும்பு அரிப்பது மட்டும் நிற்காது.

வலி மாத்திரைகள் வலியைக் குறைக்கும், நோயைத் தடுக்காது. நீண்டநாள் எடுத்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

"மூன்றே நாளில் மூட்டுவலி போகும்" என்று விற்கப்படும் சில பொருள்கள் வேறு வகையில் ஆபத்தானவை. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருந்ததை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு பலவீனமாவது எல்லாம் இதன் விளைவுகள். ஏற்கெனவே நீண்டநாள் சாப்பிட்டு வருபவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுவதே பாதுகாப்பு. வாங்கும்முன் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது உடனே கிளினிக் போக வேண்டும்?

• ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் வீக்கம் ஆறு வாரங்களாக இருந்தால்
• காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்
• விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினால் வலித்தால். கை குலுக்கும்போது சுளீரென வலிப்பதும் இதே அறிகுறிதான்.

கிளினிக்கில் "கை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. "காலையில் எழுந்தா ஒரு மணி நேரம் விரல் மடங்கல, இரண்டு கையும் வீங்குது, இத்தனை வாரமா இருக்கு" என்று நேரக் கணக்கோடு சொல்லுங்கள். வீங்கியிருக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. மதியம் டாக்டர் பார்க்கும்போது வீக்கம் வடிந்திருந்தாலும் படம் பேசும்.

இரத்தப் பரிசோதனை குறித்து ஒரு விஷயம். 'ருமட்டாய்டு ஃபேக்டர்' இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. நோயாளிகளில் கணிசமானோருக்கு அந்தப் பரிசோதனை எதிர்மறையாகவே வரும். மூட்டில் வீக்கம் இருந்தால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

தடை இரண்டு: தூரமும் சம்பளமும்

நெகிரி செம்பிலானின் ஏழு மாவட்டங்களுக்கும் வாதநோய் நிபுணர் சேவையின் மையம் சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைதான். கோலப்பிலா, போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல், ஜெலுபு போன்ற இடங்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு. ஆனால் முடக்குவாதத்துக்கான மருந்தைத் தீர்மானிக்க நிபுணர் தேவை.

பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கு ஒரு போக்கில் 60 கிலோமீட்டருக்கு மேல். கிம்மாஸ் பக்கம் இருப்பவருக்கு இன்னும் தூரம். தோட்டத்து மண் ரோட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை யாராவது மோட்டாரில் கொண்டு போய் விட வேண்டும். கால் விரல் வீங்கியவருக்கு அதுவே ஒரு பயணம். காலை அப்பாயின்மென்ட் என்றால் இருட்டில் கிளம்பி, இரத்தம் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வீடு திரும்ப மாலையாகிவிடும்.

மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அது தனிக் கணக்கு, 60 நாள் வரை. நோய் தீவிரமாகும் நாள்களையும் கிளினிக் நாள்களையும் கூட்டினால் 14 நாள் சீக்கிரமே கரைந்துவிடும். குத்தகைக்கும் எடைக்கணக்குக்கும் வேலை செய்பவருக்கு விடுப்பு எடுப்பது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். அதனால்தான் "இந்த மாசம் போகல, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு வருகிறது.

பலருக்குத் தெரியாத இரண்டு வசதிகள்

முதலாவது, 'எஸ்.பி.யு.பி' எனப்படும் ஒருங்கிணைந்த மருந்து வழங்கல் முறை. சிரம்பானில் நிபுணர் எழுதிய மருந்தின் தொடர்ச்சியை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மாதாமாதம் வாங்கலாம். மருந்தகக் கவுண்டரில் கேட்டால் பதிவு செய்து கொடுப்பார்கள்.

இரண்டாவது, மருந்தைத் தபாலில் பெறும் சேவை. தபால் செலவு நோயாளியுடையது. லயத்து முகவரியில் தபால் ஒழுங்காக வந்து சேராவிட்டால் முதல் வசதியே மேல்.

இரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் எடுத்து, முடிவை நிபுணரிடம் கொண்டு போகலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் பயணம் மிச்சம்.

தடை மூன்று: மருந்தைப் புரிந்துகொள்வது

முடக்குவாதத்துக்கு முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். விலை குறைந்தது, உலகெங்கும் பல ஆண்டுகளாகப் பயன்படுவது. சுகாதார அமைச்சு 2019இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் நோயின் போக்கை மாற்றும் இவ்வகை மருந்துகளைச் சீக்கிரமே தொடங்கச் சொல்கிறது.

இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். மற்ற எல்லா மருந்தையும் தினமும் சாப்பிட்டுப் பழகியவர் இதையும் தினமும் சாப்பிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு மரணத்தில் முடிந்துள்ளது.

மருந்து உறையில் உள்ள குறிப்பு பொதுவாக மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த, அல்லது வாசிக்கவே தெரியாத பாட்டிக்கு "செமிங்கு செக்காலி" என்ற இரண்டு சொற்கள் புரியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது எளிது. ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். மெத்தோட்ரெக்சேட் உறையில் "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதி, மற்ற மருந்துகளிலிருந்து தனியாக வையுங்கள். கூடவே கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டர் சொன்ன நாளில் கொடுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய வேறு சில:

• பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று இரண்டாம் வாரமே நிறுத்துவது மிகப் பொதுவான தவறு.
• கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்து சாப்பிடக் கூடாது. குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாதுகாப்பான மாற்று மருந்துகள் உண்டு.
• காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல், வறட்டு இருமல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.
• மதுவும் இந்த மருந்தும் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு.

இதில் கட்டுப்படாத நோய்க்கு 'பயோலஜிக்' எனப்படும் ஊசி மருந்துகள் உண்டு. அவை விலை உயர்ந்தவை என்பதால் அரசாங்க மருத்துவமனைகளில் கட்டுப்பாட்டோடுதான் கொடுக்கப்படுகின்றன. அவற்றைத் தொடங்கும்முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள் அவசியம். செலவு சுமையாக இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவை அணுகி, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்கலாம்.

தடை நான்கு: கை முடங்கிய பிறகு வருமானம்

கத்தி பிடிக்க முடியாத கையோடு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள் பலர். ஆனால் சந்தா கட்டியவர்களுக்கு சொக்சோ, அதாவது பெர்கேசோவின், இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. வேலை விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று நினைப்பது தவறு.

குணமாகாத நோயால், வழக்கமாகச் சம்பாதிக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் இந்த ஓய்வூதியம் கிடைக்கும். 60 வயதுக்குள் அந்த நிலை ஏற்பட்டிருக்க வேண்டும். முழு ஓய்வூதியத்துக்குக் கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் குறைந்த ஓய்வூதியத்துக்கான தனி நிபந்தனைகள் உண்டு. வேலையை விட்டு நாளாக நாளாக இந்த 40 மாதக் கணக்கில் சந்தா மாதங்கள் குறைந்துகொண்டே போகும். ஆகவே வேலையை விடும் முன்பே, அல்லது விட்ட உடனே விண்ணப்பிப்பது முக்கியம்.

இன்னும் வேலை செய்ய விரும்புபவருக்கு பெர்கேசோவின் 'மீண்டும் வேலைக்கு' திட்டம் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் வேறு வேலைக்கும் உதவுகிறது. நிரந்தர ஊனம் ஏற்பட்டவர்கள் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து, 'ஓ.கே.யு' அட்டை பெற விண்ணப்பிக்கலாம்.

பேசப்படாத தேவைகள்

மருந்து மட்டும் போதாது. மணிக்கட்டைத் தாங்கும் பட்டை, விரல் பயிற்சி, தடித்த பிடி வைத்த கரண்டி போன்றவற்றைத் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு கற்றுக்கொடுக்கும். டாக்டர் பரிந்துரைத்தால்தான் அங்கே போக முடியும். கேட்காமல் இருந்தால் விட்டுப்போகலாம், கேளுங்கள்.

மனச்சோர்வும் இந்நோயாளிகளிடம் அதிகம். புடவை கட்ட, தலை பின்ன, சோறு பிசைய இன்னொருவர் கை தேவைப்படும்போது மனசு உடைந்துபோகும். வெளியே ஆள் நன்றாகத் தெரிவதால் வீட்டிலேயே "சோம்பேறித்தனம்" என்று சொல்வதும் நடக்கிறது. நோயின் சோர்வு உண்மையானது என்பதைக் குடும்பம் புரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கும்.

அடையாள ஆவணம் இல்லாதவர்களும் அந்நியத் தொழிலாளர்களும் குடிமக்களைவிடப் பல மடங்கு கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. ஆயுள் முழுக்கச் சிகிச்சை தேவைப்படும் நோயில் அந்த வேறுபாடு சிகிச்சையையே நிறுத்திவிடும். அந்நியத் தொழிலாளர்களுக்கு பெர்கேசோவின் இயலாமைத் திட்டம் 2024 ஜூலை 1 முதல் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. குடியுரிமை ஆவணச் சிக்கல் உள்ள தோட்டக் குடும்பங்களுக்கு அந்தச் சிக்கல் தீராமல் மருத்துவச் சிக்கலும் முழுதாகத் தீராது.

அடுத்து என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ காலையில் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், எத்தனை வாரமாக, எத்தனை நிமிடம் என்று இன்றே கேட்டு எழுதுங்கள். ஆறு வாரம் தாண்டியிருந்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மொழி தடையாக இருந்தால் கூடவே உள்ளே போய்ப் பேசுங்கள். நிபுணருக்கான பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வளைந்துபோன விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. வளையாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, அது அரசாங்க மருத்துவமனையிலேயே கிடைக்கிறது.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கு மட்டுமே. மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ மாற்றவோ உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)